ரியாஸுக்கென்று உறைந்திருந்த கறி

1

கிள்ளான் நண்பர்களுக்கு, நான் நலம். வசந்தாவும் நலம். நாங்கள் சென்னைக்குக் குடிவந்து இந்த மாதத்தோடு ஏழு ஆண்டு முடிகிறது. "மூன்றே மாதத்தில் கொசுவுக்குப் பயந்து ஓடி வந்துவிடுவான்" என்று என் பிரிவுபசார விருந்தில் பேசியவர்கள், தோற்றது கொசுதான் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

ஏன் போனாய் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். வசந்தா மயிலாப்பூர்க்காரி. கல்யாணமாகி என்னோடு வந்தவள், முப்பத்து நான்கு வருடம் என் ஊரில், என் உறவுக்காரர்கள் நடுவில் இருந்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று, கேக் வெட்டிய கத்தியைக் கழுவிக்கொண்டே, "உங்க ஊர்ல இருந்தாச்சு. இனிமே எங்க ஊரு" என்றாள். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத உத்தரவு.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில், இறக்குமதியாகும் இறைச்சியைப் பரிசோதிக்கும் பிரிவில் முப்பத்தோரு வருடம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆடு, இந்தியாவிலிருந்து எருமை, எல்லாம் கல்லாக உறைந்து கொள்கலனில் வந்து இறங்கும். கதவைத் திறந்து, வெப்பமானியைச் செருகி, கழித்தல் பதினெட்டு டிகிரி இருக்கிறதா என்று பார்த்து, காகிதமும் கறியும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டு, முத்திரை குத்த வேண்டும். அல்லது குத்த மறுக்க வேண்டும். மறுப்பதில்தான் எனக்குப் பெயர்.

இந்த அறிவுக்குச் சென்னையில் என்ன மரியாதை என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. வெளிநாட்டவர் பதிவுக்குப் போனபோது, முன்னாள் தொழில் என்ற இடத்தில் 'இறைச்சி ஆய்வாளர்' என்று எழுதியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"கறிக்கடையா சார்?"

"இல்லை. அரசாங்க உத்தியோகம்."

"கவர்மென்ட் கறிக்கடையா?"

எனக்குப் பின்னால் நின்ற கொரியாக்காரரைத் தவிர வரிசை முழுவதும் சிரித்தது. மறுவருடத்திலிருந்து 'அரசு ஊழியர், ஓய்வு' என்று மட்டும் எழுதுகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. அரசு ஊழியர் என்ன வேலை செய்தார் என்று எந்த நாட்டிலும் யாரும் கேட்பதில்லை.

2

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர், நல்ல மனிதர், கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாடகை ஒப்பந்தத்தில் 'சமையலறையில் சைவம் மட்டும்' என்று ஒரு விதி. நான் விதிகளை மதிப்பவன். எல்லை எதுவரை என்று தெரிந்துகொள்ள விரும்புபவனும்கூட. வரவேற்பறையில் மீன் தொட்டி வைக்கலாமா என்று கேட்டேன்.

"பேஷா வெச்சுக்கோங்கோ. தொட்டியில இருக்கற வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சட்டிக்கு வரப்படாது" என்றார்.

அவரிடம்தான் என் முதல் மொழிச் சறுக்கலும் நடந்தது. குடிவந்த மறுநாள் காலையில் படிக்கட்டில் பார்த்து, நம் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சற்று யோசித்து, "நான் பட்டினி ஒண்ணும் கிடக்கலையே. யாராவது சொன்னாளா?" என்றார். இப்போது "டிபன் ஆச்சா" என்கிறேன். ஏழு வருடத்தில் நான் முழுமையாகக் கற்றுக்கொண்ட இரண்டு சொற்கள் அவை.

கறி விஷயத்தில் மட்டும் இந்த ஊரோடு எனக்கு இன்னும் உடன்பாடு வரவில்லை. நம் ஊரில் தீபாவளிக்கு உறைந்த ஆட்டுக்கறி வாங்காத வீடு எது? இங்கே அந்தச் சொல்லைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். ஆடு கடை வாசலில் தொங்க வேண்டும். ஆடுதான் என்பதற்குச் சாட்சியாக வாலில் கொஞ்சம் முடி இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அறுத்தது பதினோரு மணிக்கும், பஸ் புகை படிய, சித்திரை வெயிலில் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் 'ஃப்ரெஷ்'. அந்த வெப்பத்தில் ஒரு கொள்கலன் வந்திருந்தால் கப்பலோடு திருப்பி அனுப்பியிருப்பேன் என்று ஒரு முறை வசந்தாவிடம் சொன்னேன்.

"உங்க ஆபீஸ் ரூல்ஸ கறிக்கடைல காட்டாதீங்க. அது இன்னிக்கு செத்தது. நீங்க பாஸ் பண்ணதெல்லாம் போன வருஷத்து பொணம்" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் அந்தப் பொணத்தைத்தான் பிரட்டல் செய்து எனக்குப் போட்டாள். ருசியாகவே இருந்தது. அதைச் சொன்னால் என் கட்சிக்குப் பலமா, அவள் கட்சிக்குப் பலமா என்று தெரியாததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

3

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தள வீட்டில் இருக்கிறார் கரீம் பாய். லஸ் பக்கம் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் பிரம்பு நாற்காலிக்கு மெத்தை தைக்கக் கொடுத்ததில் பழக்கம். அவர் மனைவி ஹபீபா, வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் தன் வீட்டுக்குக் கெட்ட பெயர் என்று நினைப்பவர். என் அசைவ வாழ்க்கை முழுவதும் இந்த வீட்டில்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வசந்தாவோடு போவேன், ஹபீபா சமைப்பார், நாலு பேரும் சாப்பிடுவோம். வாடகை ஒப்பந்தத்தை நான் மீறவில்லை. அது சமையலறையைப் பற்றியது; வயிற்றைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இவர்களுக்கு ஒரே மகன், ரியாஸ். நெதர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை. போன வருடத்துக்கு முந்தின பக்ரீத்துக்கு, முதல் முறையாக அவன் பேரில் ஆடு அறுத்துக் குர்பானி கொடுத்தார்கள். அவனும் வருவதாக இருந்தது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் அலுவலகத்தில் விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள். கறியை வழக்கம்போல மூன்று பங்காகப் பிரித்ததில், ஒரு பங்கு ஏழைகளுக்கும் ஒரு பங்கு உறவுக்காரர்களுக்கும் போனது. வீட்டுக்கென்று நின்ற பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, "இது ரியாஸுக்கு" என்று ஹபீபா ஃப்ரீசரில் வைத்தார். அடுத்த மாதம் வருகிறேன் என்றிருந்தான்.

நீங்களும் நானும் பிள்ளைகளைப் பெற்றவர்கள். அடுத்த மாதம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

போன வருட பக்ரீத்தின்போது கரீம் பாய்க்கு முழங்காலில் ஆபரேஷன். மதரஸாவில் பணம் கட்டி அங்கேயே குர்பானி கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கறி வரவில்லை. ஆகவே பழைய பொட்டலம் அப்படியே இருந்தது. நான் போகும்போதெல்லாம் கரீம் பாய் அதைக் காட்டிக் கிண்டல் செய்வார்.

"இன்னா சார், எங்க வூட்ல ஒரு ஆடு வாடகை குடுக்காம தங்கிக்கினு கீது. காலி பண்ணவும் மாட்டேங்குது. தூக்கிப் போடுடின்னா கேக்கறாளா?"

"உங்க பொருள் எதையாச்சும் நான் தூக்கிப் போட்டேனா? பேசாம இருங்க" என்பார் ஹபீபா.

இரண்டு வாரம் முன்பு ஹபீபா என்னை வரச்சொன்னார். ரியாஸ் வியாழக்கிழமை வருகிறான், மனைவியோடும் மூன்று வயது மகனோடும். வீடு வெள்ளையடித்து, திரைச்சீலை மாற்றி, கரீம் பாய் தன் சோபாவுக்கே முதல் முறையாகப் புது உறை போட்டிருந்தார். ஹபீபா தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். என் மனசுக்காக சொல்லக் கூடாது. உள்ளத சொல்லணும்."

"கேளும்மா."

"ரெண்டு வருசம் ஐஸ்ல இருந்த கறிய சாப்பிடலாமா?"

உள்ளிருந்து கரீம் பாய் குரல் வந்தது. "தாராளமா சாப்பிடலாம். சாப்ட்டுட்டு அப்படியே ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் போலாம், கிட்டத்தானே கீது!"

"நான் அண்ணன கேக்கறேன், உங்கள கேக்கல." என் பக்கம் திரும்பினார். "பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். அவன் சாப்பிட்டே ஆவணும்னு ஒண்ணும் இல்ல, குர்பானி அன்னிக்கே நிறைவேறிடுச்சுன்னாரு. எனக்கும் தெரியும். ஆனா அவன் பேர்ல முதல் முதலா குடுத்தது. தெருவே சாப்பிட்டுச்சு, அவன் ஒரு வாய் சாப்பிடல. எனக்கு அது இங்கயே நிக்குது." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அதுக்காக, அத்தன தூரத்துலேருந்து வர்ற புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா? கூட மருமக வர்றா. நீங்க வேணாம்னு சொல்லுங்க, இப்பவே எடுத்துப் போட்டுடறேன். அழ மாட்டேன்."

அழ மாட்டேன் என்று சொல்பவர்களுக்குத் தீர்ப்பு வழங்குவது கஷ்டம். கப்பல் கம்பெனிக்காரர்கள் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

4

இதற்கான விடையை உங்களில் பலர் தூக்கத்திலும் சொல்வீர்கள். குளிர், கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. கல்லாக உறைந்திருக்கும்வரை அது வளராது. அதனால் கழித்தல் பதினெட்டில் ஒழுங்காகக் கிடந்த கறியை இரண்டு வருடம் கழித்தும் சாப்பிடலாம். போவது ருசிதான். ஈரம் வற்றி அங்கங்கே வெள்ளைத் திட்டு விழும், கொழுப்பு காறும், கயிறு மாதிரி இருக்கும். இத்தனை மாதத்துக்குள் சாப்பிடு என்று பாக்கெட்டில் போடுவதெல்லாம் பெரும்பாலும் ருசிக்கான கெடு.

எல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. நடுவில் இளகியிருக்கக் கூடாது. இளகினால் கிருமி எழுந்துகொள்ளும், பெருகும். அதில் சில, வேகவைத்தாலும் போகாத நஞ்சைக் கறியில் விட்டுவைக்கும். பிறகு மின்சாரம் வந்து மறுபடி உறைந்துவிட்டால், எதுவுமே நடக்காத மாதிரி கல்லாக உட்கார்ந்திருக்கும். ஆகவே, எத்தனை வருடம் ஆயிற்று என்பது தவறான கேள்வி. நடுவில் எழுந்ததா என்பதுதான் கேள்வி.

"கரன்ட் நிறைய நேரம் போச்சா எப்பவாவது?" என்றேன்.

"ஒரு மணி, ரெண்டு மணி போவும். புயல் வந்தப்போ நான் இங்க இல்ல அண்ணே. தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, அக்கா வந்து என்னை ஜாம்பஜார் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. இவருதான் வீட்ட பாத்துக்கிட்டு இருந்தாரு. நாலு மணி நேரம்தான் போச்சுன்னாரு."

முந்தின டிசம்பர்ப் புயலைச் சொல்கிறார். அதில் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. இரண்டு தெரு தள்ளி நாலு மணி நேரத்தில் வந்திருக்குமா? கரீம் பாய் கதவருகில் வந்து நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வழக்கம்போலத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

என்னிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. பழக்கமான புதிதில் ஹபீபாவுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒரு தம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது ஃப்ரீசர் இளகி மறுபடி உறைந்திருந்தால் நாணயம் அடியில் கிடக்கும். இளகவில்லை என்றால் மேலேயே இருக்கும். ஹபீபா அன்றே வைத்தார். வைத்ததோடு மறந்தும் போனார்.

ஐஸ் தட்டுக்குப் பின்னால் இருந்த தம்ளரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நாணயம் அடியில் இருந்தது.

ஹபீபா ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப போச்சா அண்ணே?"

முத்திரை மறுக்க அதுவே போதும். ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம், பொருளைப் பார்க்காமல் எழுத வராது. பொட்டலத்தையும் எடுத்தேன். பழைய பிஸ்கட் டின், சுற்றிலும் பழுப்பு டேப், உள்ளே இரட்டைப் பாலிதீன். கறி உண்மையாகவே இளகியிருந்தால் ரத்தநீர் வடிந்து அடியில் சிவப்பு ஐஸாகத் தேங்கியிருக்கும். துண்டுகள் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே அடிப்பக்கம் சுத்தம். துண்டுகள் தனித்தனியே, ஓரம் மழுங்காமல் இருந்தன. வெள்ளைத் திட்டு நாலைந்து. இளகிய கறி இல்லை இது.

நாணயம் ஒன்று சொல்கிறது, கறி வேறொன்று சொல்கிறது. போதாததற்கு டின்னின் மூடி விளிம்பில் மிக லேசாக மீன் வாடை. ஹபீபாவுக்கு மீன் என்றாலே குமட்டும். அந்த வீட்டுக்குள் மீன் நுழைந்ததே கிடையாது.

இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு வருடமாகத் தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று சொன்ன மனிதர், சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காத அந்த நிமிடத்தில் வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்குச் சொல்றேம்மா. அதுவரை யாரும் தொட வேண்டாம்" என்று டின்னை உள்ளே வைத்தேன்.

5

சந்து முனைவரை என் பின்னால் வந்தார் கரீம் பாய்.

"சார், நீங்க பாட்டுக்கு ஓகேன்னு சொல்லிடுங்க. ஒண்ணும் ஆவாது."

"எப்படிச் சொல்ல முடியும் பாய்? ஃப்ரீசர் இளகியிருக்கு."

"ஃப்ரீசர் எளகிச்சு சார். ரெண்டு நாள் கரன்ட் இல்ல, எளகாம இன்னா பண்ணும்? ஆனா கறி அதுல இல்ல." சுற்றிலும் பார்த்தார். "ஹபீபாவுக்குத் தெரிய வேணாம். நொச்சிக்குப்பத்துல ஸ்டெல்லான்னு ஒண்ணு, மீன் விக்கிது. அது புருசன் ஆட்டோ சீட்டு நம்ம கடைலதான் தெச்சது. கரன்ட் போன அன்னிக்கே டின்னு மேல இன்னொரு சுத்து டேப் போட்டு, அவங்க ஐஸ் பொட்டில கொண்டுபோய் வச்சிட்டேன்."

ஒருவர் வாய்மொழியை, அதுவும் சம்பந்தப்பட்டவரின் வாய்மொழியை, நான் என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை. அதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துவந்தார்.

மாலை வெயிலில் நொச்சிக்குப்பத்தில் வியாபாரம் மும்முரமாக இருந்தது. ஸ்டெல்லா ஒரு பெரிய சங்கராவைச் செதில் சீவிக்கொண்டிருந்தார். கரீம் பாயைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"இன்னா பாய், இன்னிக்கு இன்னா கொண்டாந்த? கோழியா?"

"இல்லம்மா. சார் ஒண்ணு கேக்கணுமாம்."

நான் முறைப்படி கேட்டேன். பெட்டியில் எவ்வளவு ஐஸ், எத்தனை நாள், நடுவில் தீர்ந்ததா.

"போட்டு கடலுக்குப் போவல, மீனு கொஞ்சம் ஐஸ்ல கெடந்துச்சு. எங்க வூட்டுக்காரு காசிமேட்ல ஜெனரேட்டர் ஓடற எடத்துலேர்ந்து பார் ஐஸ் எட்தாந்து ஒடச்சிப் போட்டுக்கினே இருந்தாரு. ஐஸ் தீந்தா மீனு நாறிடாதா? சார் யாரு, ஆபீசரா?"

"ரிட்டயர்டு" என்றார் கரீம் பாய்.

"அதான் இவ்ளோ பொறுமையா கேக்கறாரு." ஸ்டெல்லா என் பக்கம் சாய்ந்தார். "சார், ஐஸ் நல்லாத்தான் கீது. இந்த ஆளாலதான் பிரச்சன. கொட்ற மழைல ரெண்டு நாளும் வந்து வந்து பொட்டிய தொறந்து பாக்கறாரு. தொறக்காதய்யா, கூலிங் போய்டும்னு கத்தறேன். இன்னா பாய், உள்ள கொழந்தையா தூங்குது, போத்தி வுட்டுட்டுப் போலாம்னு வந்தியான்னு கேட்டேன்."

"எதுக்கு இப்ப அதெல்லாம்" என்றார் கரீம் பாய்.

"அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? 'எம் புள்ளயோடது'ன்னாரு."

கரீம் பாய் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லா மறுபடி செதில் சீவ ஆரம்பித்தார்.

கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. திரும்ப எடுக்கும்போது கறி எப்படி இருந்தது?

"கல்லு சார்" என்றார் கரீம் பாய், கடலைப் பார்த்தபடியே. "ஓரத்துல மட்டும் கொஞ்சம் எளக்கம். நடுவுல தட்டினா சத்தம் வந்துச்சு. கரன்ட் வந்து ஃப்ரீசர் நல்லா பிடிச்ச பிறகுதான் உள்ள வச்சேன்."

உறைந்த கறி, மூடிய டின்னில், நிறைந்த ஐஸுக்குள், நடுப்பகுதி இளகாமல். நம் கையேட்டில் இதற்கு ஒரு பத்தியே உண்டு. மறுபடி உறையவைக்கலாம்.

6

அன்று வீடு திரும்பியதும் என் மகள் காணொளியில் வந்தாள். ஜொகூரில் இருக்கிறாள், பேத்தி சீனப் பள்ளியில் படிப்பதால் என்னோடு பேசும் தமிழுக்கு அவ்வப்போது அம்மாவை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வாள்.

"அப்பா, ஃப்ரீசர்ல இடமே இல்ல. நீங்க வருவீங்கன்னு எடுத்து வச்ச டுரியான் பழம் அப்படியே இருக்கு. எத்தன மாசம் தாங்கும்?"

கெடாது, ஆனால் ருசி போகும், பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா பார், அடிக்கடி திறக்காதே என்று விளக்கமாகச் சொன்னேன். அழைப்பு முடிந்ததும் வசந்தா கீரையை ஆய்ந்தபடியே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு டுரியானப் பத்தியா கேட்டா?"

அடுத்த மாதம் போகலாம் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் ஹபீபா வீட்டுக்குப் போனேன். கரீம் பாய் கடைக்குப் போகாமல் இருந்தார்.

"சாப்பிடலாம்மா. பாதுகாப்பானதுதான். ருசிக்கு நான் பொறுப்பில்லை."

ஹபீபா உடனே சந்தோஷப்படவில்லை. தணிக்கை செய்யத் தெரிந்த பெண். "அந்தக் காசு அடியில இருந்துச்சே?"

எப்படியோ சமாளித்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் இந்த விஷயத்தில் அரைகுறை விளக்கம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அவர் அந்தப் பிள்ளைக்குப் பரிமாற வேண்டும். பயந்துகொண்டே பரிமாறக் கூடாது. கரீம் பாயைப் பார்த்தேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

"ஃப்ரீசர் இளகினப்போ கறி அதுல இல்லம்மா. நொச்சிக்குப்பத்துல ஐஸ் பெட்டியில பத்திரமா இருந்துச்சு. நானே போய் விசாரிச்சுட்டேன்."

ஹபீபா கணவனைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"மீன் பொட்டிலயா?"

"டேப் சுத்திதான் வச்சேன்" என்றார் கரீம் பாய்.

"அதான் புயலுக்கு அப்புறம் ஒரு வாரம் ஃப்ரிட்ஜ தொறந்தா மீன் நாத்தமா? நான் எதிர்வீட்டு பூனைய புடிச்சுத் திட்டினேன்! அது வாயில்லாத ஜீவன்!"

"பூனைக்கு சாரி சொல்லிடறேன்."

"தூக்கிப் போடு தூக்கிப் போடுன்னு ரெண்டு வருசமா என் உயிர எடுத்தீங்களே."

"நீ போட மாட்டேன்னு தெரியும். அதான் தைரியமா சொன்னேன்."

ஹபீபா எழுந்து சமையலறைக்குப் போனார். பிறகு வழக்கத்தைவிடச் சர்க்கரை கூடுதலாகப் போட்ட தேநீர் வந்தது. கரீம் பாய்க்கு மட்டும் ஏலக்காய் போட்டது.

நான் வழிமுறைகளைச் சொன்னேன். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக இளக்க வேண்டும், மேடையில் வைக்கக் கூடாது. வெள்ளைத் திட்டுகளைச் சீவிவிட வேண்டும். நன்றாக வேகவேண்டும். கைமாவாக்கிவிட்டால் வறட்சி தெரியாது என்றும் சொன்னேன்.

"வேணாம் அண்ணே. துண்டா இருக்கட்டும். அவன் பங்குன்னு கண்ணுக்குத் தெரியணும்" என்றார்.

7

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சாப்பாடு. எங்களையும் அழைத்திருந்தார்கள். தரையில் துணி விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். கரீம் பாய் முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் மட்டும் நாற்காலி. ரியாஸ் சற்றுப் பருத்திருந்தான், முன்தலை ஏறியிருந்தது. அவன் மகன் கரீம் பாயின் மடியில் ஏறி அவர் தாடியை இழுத்து 'ஓப்பா' என்றான். அந்த நாட்டில் தாத்தாவை அப்படித்தான் அழைப்பார்களாம்.

"தாத்தான்னு சொல்லுடா நைனா" என்றார் கரீம் பாய்.

"ஓப்பா" என்றான் பையன், தீர்மானமாக.

"சரி, நானே மாறிக்கறேன்."

நெய்ச்சோறு, தால்ச்சா, அன்று வாங்கிய கோழி. பையனுக்குத் தனியாகக் காரம் போடாத கோழி. இவற்றோடு, ரியாஸின் முன்னால் மட்டும், ஒரு சின்னக் கிண்ணம்.

மருமகள் ஷபானா திருச்சிப் பெண், கெட்டிக்காரி. "மாமி, இது என்ன தனியா?" என்றாள்.

"அது ரியாஸுக்கு" என்றார் ஹபீபா.

ஷபானா கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்க மீட் இன்ஸ்பெக்டரா இருந்தவங்கதானே? இது எப்ப வாங்கின கறி?"

ஹபீபாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வசந்தா எனக்கு மட்டும் தெரியும்படி முறைத்தாள்; பொய் சொல் என்று அர்த்தம். காகிதத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ பேரைப் பகைத்துக்கொண்டவன் நான்.

"போன வருஷத்துக்கு முந்தின பக்ரீத்தும்மா" என்றேன்.

"ரெண்டு வருஷமா? அங்கிள், அங்க நான் ஆறு மாசம் ஆனாலே குப்பைல போட்டுடுவேன்!"

கழித்தல் பதினெட்டிலிருந்து என் விளக்கத்தை ஆரம்பித்தேன். கிருமிகள் தூங்குகிற இடம்வரைதான் போக முடிந்தது. ரியாஸ் கிண்ணத்தை எடுத்து, பாதிக்கு மேல் தன் சோற்றில் கவிழ்த்துக்கொண்டான்.

"அந்த பக்ரீத்தா?" என்றான் தாயிடம். "நான் வரேன்னு சொல்லி வராத பக்ரீத்தா?"

ஹபீபா தலையாட்டினார்.

அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். மென்றான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றுகொண்டே இருந்தான். நான் சொன்னபடியே, கயிறுதான். என் தொழில் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"எப்படிப்பா இருக்கு?" என்றார் ஹபீபா.

வாய் நிறைந்திருந்ததால் அவன் தலையை மட்டும் ஆட்டினான். இன்னொரு துண்டை எடுத்து அதையும் போட்டுக்கொண்டான். கன்னம் இரண்டும் உப்பின. ஷபானா அவனையே பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். கைநீட்டி அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள்.

"ஏய், என் பங்கு" என்றான் அவன், வாய்க்குள்ளேயே.

"உன் பங்குல எனக்குப் பாதி" என்று அவளும் மெல்ல ஆரம்பித்தாள்.

உறைந்த கறியைப் பொணம் என்று சொல்லும் என் மனைவி, கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஹபீபா அவசரமாகத் தண்ணீரை ஊற்றி மகன் பக்கம் நகர்த்தினார். கரீம் பாய் பேரனின் வாயில் கோழியை ஊட்டிக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"மெதுவா மெல்லுடா. இத்தினி நாளா உனக்குன்னு காத்துக்கினு இருந்துச்சு. இப்ப எங்க ஓடிடப் போவுது?"